விறகு வாயுவில் ஓடும் சிறு எஞ்சின்: கரிக் காடி காலம் முதல் இன்றைய ஜெனரேட்டர் வரை

ஜப்பான்காரன் காலத்தில் காடிகள் கரியில் ஓடின என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும்போது, பேரப்பிள்ளைகள் அதை நீராவி ரயிலோடு குழப்பிக்கொள்வதுண்டு. ஆனால் அது உண்மை. 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பொதுமக்களுக்குப் பெட்ரோல் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், பேருந்துகளிலும் கார்களிலும் இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரி போட்டு மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டினார்கள். பெட்ரோலுக்கான எஞ்சினை மாற்றவில்லை. அதற்குக் கொடுத்த தீனிதான் மாறியது.

அந்த நுட்பம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வெள்ளக் காலத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும்போதும், மறுநடவுக்காகச் சாய்த்த ரப்பர் மரக் கிளைகள் யாருக்கும் பயனின்றி மட்கிக் கிடப்பதைப் பார்க்கும்போதும், 'இதைக் கொண்டு ஒரு ஜெனரேட்டரை ஓட்ட முடியாதா?' என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. ஓட்ட முடியும். வெல்டிங் தெரிந்தவர், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே செய்துவிடலாம். ஆனால் இந்த வாயு ஆளைக் கொல்லக்கூடியது. அதன் கணக்கு வழக்கும் காணொளிகளில் காட்டுவதுபோல் அவ்வளவு இனிப்பாக இல்லை. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

எரிவது விறகா, வாயுவா?

அடுப்பில் விறகு எரிவதை உற்றுப் பார்த்தால், சுடர் கட்டையின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் விலகி எரிவது தெரியும். சூடேறிய கட்டையிலிருந்து கிளம்பும் வாயுதான் அங்கே காற்றோடு சேர்ந்து எரிகிறது. அந்த வாயுவை அடுப்பிலேயே முழுவதும் எரிய விடாமல், காற்றைக் குறைத்துப் பாதியில் நிறுத்தி, குழாய் வழியே எஞ்சினுக்குள் இழுத்து அங்கே எரிப்பதுதான் இந்த முறையின் சாரம்.

இதற்கான கலத்தை இக்கட்டுரையில் வாயு உலை என்றே அழைக்கலாம். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் இதில் உண்டாவதை 'உற்பத்தி வாயு' என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. விறகு வாயு என்பதே போதும்.

உலைக்குள் விறகு மேலிருந்து கீழே இறங்க இறங்க நான்கு வேலைகள் நடக்கின்றன. மேல் பகுதியில் ஈரம் காய்கிறது. அதற்குக் கீழே, காற்றுப் படாத வெப்பத்தில் கட்டை கருகிக் கரியாகிறது; அப்போது புகையும் தாரும் வெளிப்படுகின்றன. அடுத்து, காற்று உள்ளே நுழையும் இடத்தில் அவற்றில் ஒரு பகுதி எரிகிறது. அங்கே வெப்பம் 1,000 பாகை செல்சியசையும் தாண்டும். கடைசியாக, அந்த எரிதலில் உண்டான கரியமில வாயுவும் நீராவியும் கீழே தணல் பழுத்துக் கிடக்கும் கரிப் படுகையைக் கடந்து போகின்றன. முக்கியமான மாற்றம் நடப்பது இங்கேதான். பழுத்த கரி, கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும், நீராவியை ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாற்றுகிறது. இரண்டுமே எரியக்கூடியவை.

வெளியே வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 20 விழுக்காடு, ஹைட்ரஜன் 15 முதல் 18 விழுக்காடு, மீத்தேன் 2 விழுக்காடு அளவில் இருக்கும். 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரியமில வாயு. மீதிப் பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன். அது எரியாது, சும்மா கூடவே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவேதான் விறகு வாயு மெலிந்த எரிபொருள். ஒரு கன மீட்டரில் 5 மெகாஜூல் அளவுக்குத்தான் ஆற்றல் உண்டு. இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் இது ஏழில் ஒரு பங்கு மட்டுமே.

நீராவி எஞ்சின் வேறு. சயாம் மரண ரயில் பாதையில் ஓடிய வண்டிகளுக்கும் விறகு போட்டார்கள்; ஆனால் அங்கே விறகு தண்ணீரைக் கொதிக்க வைத்தது, நீராவி சக்கரத்தைத் தள்ளியது. இங்கே கொதிகலன் கிடையாது. வாயு நேராக எஞ்சினின் வயிற்றுக்குள் போய் எரிகிறது.

இம்பெர்ட் செய்த தந்திரம்

இந்த நுட்பத்தின் எதிரி தார். கருகும் கட்டையிலிருந்து வரும் இந்தப் பிசுபிசுப்பு எஞ்சினுக்குள் போனால் வால்வுகளில் ஒட்டும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு மறுநாள் காலையில் வால்வு அசையாமல் இறுகிப் போயிருக்கும். கயிற்றை இழுத்தால் வராது. 'நேற்று நன்றாகத்தானே ஓடியது' என்று தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் தாரிடம் தோற்றவர்கள்.

அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர்ட் 1920களில் இதற்கு ஒரு வழி கண்டார். வாயுவை மேல்நோக்கிப் போக விட்டால், அது பச்சை விறகின் ஊடே போய்த் தாரை அள்ளிக்கொண்டு வரும். அதற்குப் பதிலாக வாயுவைக் கீழ்நோக்கி இழுத்து, உலையின் அடியில் கழுத்துப் போன்ற குறுகலான ஒரு துளை வழியே போக விட்டார். அந்தக் கழுத்தில் வெப்பம் உச்சத்தில் இருக்கும். தார் முழுவதும் அதைக் கடந்தே ஆகவேண்டும் என்பதால், போகும் வழியிலேயே உடைந்து எரியும் வாயுவாகிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இம்பெர்ட் முறை ஐரோப்பா முழுவதும் பரவியது. போர்க் காலத்தில் விறகிலும் கரியிலும் ஓடிய வண்டிகள் ஏறத்தாழ 10 லட்சம் என்று கணக்கிடப்படுகிறது. பெட்ரோல் இறக்குமதி அடைபட்ட சுவீடனில் மட்டும் 1941 முடிவில் ஏறத்தாழ 70,000 வண்டிகள் இப்படி ஓடின. போர் முடிந்து பெட்ரோல் திரும்ப வந்ததும், சில ஆண்டுகளில் அத்தனை பேரும் இதைக் கைவிட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பெட்ரோல் கிடைக்கும்போது இதை விரும்பி வைத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு.

இன்று இணையத்தில் காணப்படும் பல உலைகள், அமெரிக்காவின் அவசரகால நிர்வாக முகமை 1989-இல் வெளியிட்ட எளிய கையேட்டைப் பின்பற்றியவை. அதில் இம்பெர்ட்டின் காற்று முனைகளும் கூடு போன்ற அமைப்பும் இல்லை. நேரான ஒரு குழாயும், அடியில் சல்லடையும் மட்டுமே. செய்வது எளிது. ஆனால் பெட்ரோலே கிடைக்காத நெருக்கடியில் ஒரு டிராக்டரைக் கொஞ்ச நாள் ஓட்டிச் சமாளிக்கத்தான் அது எழுதப்பட்டது. தினந்தோறும் ஓட வேண்டிய எஞ்சினுக்கு இம்பெர்ட் முறையே பாதுகாப்பு என்பது இத்துறையில் இறங்கியவர்கள் பலரின் அனுபவம்.

அந்தக் கையேட்டில் சிறு எஞ்சின்காரர்கள் கவனிக்க வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. 5 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் கணக்குப்படி 2 அங்குல விட்டமுள்ள தீக்குழாயே போதும். ஆனால் அவ்வளவு சிறிய குழாயில் கட்டைகள் ஒன்றோடொன்று சிக்கிப் பாலம் போல் நின்றுவிடும். அடியில் கரி தீர்ந்து உலை கெட்டுப்போகும். ஆகவே 15 குதிரைத்திறனும் அதற்குக் குறைவுமான எஞ்சின்களுக்கு 6 அங்குலக் குழாயையே வைத்து, அடியில் மட்டும் கழுத்தைத் தேவையான அளவுக்குச் சுருக்கச் சொல்கிறது. சின்ன எஞ்சினுக்கு உலை செய்வது சுலபம் என்று தோன்றும். பெரிய எஞ்சினைவிட அதுதான் சிக்கல்.

நம் ஊரில் எந்த விறகு?

ரப்பர் மரம் நல்ல விறகு. ஒரு காலத்தில் தோட்டத்து ஸ்டோர்களில் ரப்பர் சீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்க எரிந்ததும் இதே விறகுதான். 25 முதல் 30 ஆண்டுகளில் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். நல்ல அடிமரம் தளவாடத் தொழிற்சாலைக்குப் போய்விடும், கிளைகள் தங்கும். திறந்தவெளியில் எரிக்கத் தடை இருப்பதால் அவை காட்டிலேயே மட்கும். வெட்டிய ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். ஆகவே வெட்டியவுடன் சிறு துண்டுகளாக்கிக் கூரைக்கடியில் காற்றோட்டமாகக் காயவைக்க வேண்டும்.

தேங்காய்ச் சிரட்டை இன்னும் நல்லது: கெட்டியானது, சாம்பல் குறைவு. செம்பனைக் கொட்டை ஓடும் பயன்படும். ஆனால் ஆலைகளே அதைக் கொதிகலனில் எரித்துவிடுகின்றன, மீதியையும் விற்கின்றன. செம்பனை மரத்தின் தண்டு மரக்கட்டையே அல்ல, நீர் நிரம்பிய நார். அதை நம்ப வேண்டாம். குலை நீக்கிய வெறுங்குலைகளில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சாம்பல் உருகிக் கட்டியாகி உலையை அடைக்கும். மரத்தூள் காற்றோட்டத்தை அடைத்துவிடும். உமியில் ஏறத்தாழ 20 விழுக்காடு சாம்பல். அதற்கென்றே வேறு வகை உலைகள் உண்டு. சாயம் பூசிய பலகை, பிளைவுட், பசை ஒட்டிய துண்டு, கரையானுக்கு மருந்தேற்றிய மரம் ஆகியவற்றை இதில் போடவே கூடாது.

துண்டுகள் தீப்பெட்டி அளவில் இருந்தால் சிறு உலைக்குப் பொருந்தும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. சமையலறைத் தராசில் 1,000 கிராம் துண்டுகளை நிறுத்து, எடை மேலும் குறையாத அளவுக்குச் சூட்டடுப்பில் காயவைத்து மறுபடியும் நிறுக்க வேண்டும். 800 கிராம் இருந்தால் ஈரம் 20 விழுக்காடு. வெட்டி ஓரிரு வாரமே ஆன கட்டையில் இதைவிட மிக அதிகமாக ஈரம் இருக்கும். ஈர விறகு உலையின் வெப்பத்தைத் தின்றுவிடும். வெப்பம் குறைந்தால் தார் உடையாது. தார் உடையாவிட்டால் வால்வு இறுகும். பெரும்பாலான தோல்விகளின் வேர் ஈர விறகில்தான் இருக்கிறது.

தார்த் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு அடுப்புக்கரி இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்து வண்டிகள் கரியில் ஓடியதற்கும் இதுவே காரணம். கரியாகும்போதே தார் வெளியேறிவிடுவதால் உலையும் எளிமையானது, வடிகட்டியும் எளிமையானது. பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங்கில் இன்றும் பாக்காவ் மரத்தைச் சூளையில் அடுக்கிக் கரி சுடுகிறார்கள். அங்குள்ள மாத்தாங் சதுப்புக்காட்டில் 30 ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டப்படுகிறது. கரியின் குறை, அதைச் சுடும்போதே விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகிவிடுவது. மேலும், கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு 30 விழுக்காட்டை எட்டும். எஞ்சினுக்கு நல்லது, மனிதருக்கு இன்னும் கெட்டது.

எஞ்சினில் என்ன மாற்ற வேண்டும்?

மாற்றங்கள் குறைவு. பிளக் பொறியால் பற்றும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் எதுவும் ஏற்றது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வாயு கொடுத்தால், அதன் உள்பாகங்களுக்கு எண்ணெய் போகாது, கெட்டுவிடும். டீசல் எஞ்சினில் பிளக் இல்லாததால் வாயுவை மட்டும் கொண்டு ஓட்ட முடியாது. கொஞ்சம் டீசலும் தெளிக்க வேண்டும். அப்படிச் செய்தால் டீசலில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ மிச்சப்படுத்தலாம்.

கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு 'டி' குழாய் வைத்து, ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் காற்று, காற்றுப் பக்கத்தில் கையால் திருப்பும் வால்வு. இதுதான் கலக்கும் இடம். பெட்ரோலுக்கு எடையில் 14 மடங்குக்கு மேல் காற்று வேண்டும். விறகு வாயுவுக்கு ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஒரு பங்கு காற்றே போதும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வால்வைத் திருப்பிச் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும். விறகு மாறினால், வெயில் மாறினால் இடமும் மாறும். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டிய வேலை இது.

விறகு வாயு மெதுவாக எரிவதால், பொறியைச் சற்று முன்கூட்டியே கொடுத்தால் பலம் கூடும். பெட்ரோலுக்கு உள்ளதைவிட 10 முதல் 15 பாகை வரை முன்னே நகர்த்துவார்கள். சிறு ஜெனரேட்டரில் இதற்குப் பறக்கும் சக்கரத்தின் சாவியைப் படி போல் வெட்டிப் போட வேண்டும். போடாவிட்டாலும் ஓடும், கொஞ்சம் சோம்பலாக.

உலைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். சூறாவளி போல் வாயுவைச் சுழற்றித் தூசியை விழச் செய்யும் சைக்ளோன் கலம். பல நூறு பாகை வெப்பத்தில் வரும் வாயுவைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றும் நீண்ட குழாய்கள். கடைசியாகத் தேங்காய் நார், பஞ்சுத் திண்டு, துணி போன்றவற்றால் ஆன வடிகட்டி. வாயு ஆறும்போது தண்ணீர் கோக்கும். அதை வடிக்க அடியில் திறப்பு வேண்டும். வாயுவை ஆற்றாமல் நார் வடிகட்டிக்குள் விட்டால் நார் பற்றிக்கொள்ளும்.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? 200 சிசி எஞ்சின் ஒன்றைக் கணக்கிடலாம். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,500 முறை மூச்சிழுக்கிறது. முழு மூச்சாக இழுத்தால் 300 லிட்டர். உண்மையில் அதில் 80 விழுக்காடு, அதாவது 240 லிட்டர். அதில் பாதி வாயு: நிமிடத்துக்கு 120 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 7 கன மீட்டர். ஒரு கிலோ விறகிலிருந்து 2 கன மீட்டருக்குச் சற்று மேல் வாயு கிடைக்கும். ஆக, மணிக்கு 3 கிலோ விறகு. பெட்ரோலில் 2 கிலோவாட் தரும் இந்த ஜெனரேட்டர், விறகு வாயுவில் 1 கிலோவாட் அளவில் தரும். ஒரு குளிர்பெட்டி, சில விளக்குகள், மின்விசிறி, சின்ன தண்ணீர் பம்ப் ஆகியவற்றைத் தாங்கும். ஏர்கோன் போடலாம் என்ற ஆசை வேண்டாம்.

மூட்டுவதும் அணைப்பதும்

முதன்முறை மூட்டும்போது அடியில் சல்லடைக்கு மேல் அடுப்புக்கரியையே நிரப்ப வேண்டும். அதற்கு மேல்தான் விறகு. கரிப் படுகை இல்லாமல் விறகை மட்டும் போட்டு மூட்டினால் வருவது வெறும் புகையும் தாரும்தான். சிறு ஊதுவிசிறியால் வாயுவை இழுத்துச் சோதனைக் குழாய் வழியே வெளியே விட்டு, அதன் வாயில் தீ வைத்துப் பார்ப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை; பத்து நிமிடம் போல் கழிந்ததும் பற்றும். சுடர் புகையின்றி நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ நிலைத்து எரிந்தால் எஞ்சினுக்குக் கொடுக்கலாம். மஞ்சளாகப் புகை கக்கிக்கொண்டு எரிந்தால் தார் இருக்கிறது என்று பொருள். வாயு வரும் வழியில் வெள்ளைத் துணியைச் சிறிது நேரம் பிடித்துப் பார்ப்பதும் உண்டு: சாம்பல் நிறத் தூசி பரவாயில்லை, பழுப்பு நிறப் பிசுக்கு கூடாது. அவசரப்பட்டு எஞ்சினைக் கிளப்புபவர்தான் பின்னால் வால்வைக் கழற்றி உட்காருகிறார்.

நிறுத்தும்போது எல்லாத் திறப்புகளையும் இறுக மூடிவிட வேண்டும். காற்றில்லாமல் தணல் தானே அணையும். மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும். மறுநாள் மூட்டுமுன் கவனம் தேவை. உள்ளே பழைய வாயு தங்கியிருக்கும். காற்றோடு கலந்த நிலையில் அதனருகே நெருப்பைக் கொண்டு போனால் வெடிக்கும். மூடியைத் திறந்து, விலகி நின்று, விசிறியை ஓட்டி உள்ளே இருப்பதை வெளியேற்றிய பிறகே தீக்குச்சியைத் தொட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது விறகு போட மூடியைத் திறப்பதும் அப்படித்தான். முகத்தை நேரே நீட்டியவருக்குப் புருவம் மிஞ்சாது.

மணமில்லாத நஞ்சு

சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அதில் வேண்டுமென்றே மணம் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்வளி ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். காற்றில் 0.16 விழுக்காடு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகும். 1 விழுக்காட்டைத் தாண்டினால் சில நிமிடங்களே.

இந்த எண்களை முன்பு கணக்கிட்ட 200 சிசி எஞ்சினோடு பொருத்திப் பார்க்கலாம். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, கூரை உயரம் 2.5 மீட்டர், உள்ளே 30 கன மீட்டர் காற்று. 20 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு கொண்ட வாயு மணிக்கு 7 கன மீட்டர் வீதம் எரியாமல் அந்த மூடிய அறைக்குள் கசிந்தால், 0.16 விழுக்காட்டை எட்ட இரண்டு நிமிடம் போதும். 1 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 13 நிமிடம். லயத்துக்குப் பின்னால் தகரத் தடுப்பு போட்ட சமையல்கட்டிலோ, வீட்டை ஒட்டிய கார் கொட்டகையிலோ இதை வைப்பது அபாயம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எஞ்சின் ஓடும்போது குழாய்களுக்குள் உறிஞ்சும் அழுத்தம் இருப்பதால் ஓட்டை இருந்தாலும் காற்றுதான் உள்ளே போகும், வாயு வெளியே வராது. ஆபத்து அதிகம் மூன்று நேரங்களில்: ஊதுவிசிறியால் மூட்டும்போது, விறகு போட மூடியைத் திறக்கும்போது, எஞ்சினை நிறுத்திய பிறகு உலை இன்னும் கனிந்துகொண்டிருக்கும்போது. போர்க்கால சுவீடனில் இந்த வாயுவால் நஞ்சேறிய ஓட்டுநர்களின் நிலை தனி மருத்துவப் பிரச்சினையாகவே கவனிக்கப்பட்டது. கொட்டகைக்குள் நிறுத்திய பிறகும் உலை வாயு விட்டுக்கொண்டே இருக்கும் என்பதை ஆரம்பத்தில் பலர் பொருட்படுத்தவில்லை.

ஆகவே இடம் திறந்தவெளி. மேலே கூரை மட்டும், சுவர் கூடாது. வீட்டுச் சன்னலுக்கு எட்டத்தில், காற்று வீசும் திசை பார்த்து. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று வீட்டுக்குள் இருப்பது நல்லது. தனியாளாக இயக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி என்றாலே நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். யாராவது மயங்கி விழுந்தால், மூடிய இடத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி அடுத்தவரும் விழுவதுதான் வழக்கமாக நடப்பது. கதவு சன்னல்களை வெளியிலிருந்தே திறந்துவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் தெளிந்து எழுந்தாலும் மருத்துவமனையில் உயிர்வளி கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளக் காலத்தில் வீட்டுக்குள் ஓட்டப்படும் சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் புகையிலும் இதே நஞ்சுதான் இருக்கிறது.

பள்ளி அறிவியல் விழாவுக்கு இதைச் செய்யலாமா என்று கேட்கும் ஆசிரியர்களும் இருக்கலாம். எஞ்சினோடு வேண்டாம். சோதனைக் குழாயில் சில மரச் சீவல்களைப் போட்டுக் காற்றோட்டமான ஆய்வகத்தில் சூடாக்கி, முனையில் வரும் வாயுவைப் பற்றவைத்துக் காட்டுவதே தத்துவத்தை விளக்கிவிடும்.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

நன்கு காய்ந்த விறகு 3 கிலோ, பெட்ரோல் 1 லிட்டருக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. ரோன் 95 லிட்டர் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ விறகு மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 67 சென். ஒரு நாள் 8 மணி நேரம் ஓட்ட 24 கிலோ துண்டு வேண்டும். மிச்சம் 16 ரிங்கிட். அந்த 24 கிலோவையும் தீப்பெட்டி அளவுக்கு வெட்ட வேண்டும், காயவைக்க வேண்டும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும், எஞ்சின் எண்ணெயை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஓர் ஆளின் கூலியை இதில் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் நிற்காது. மானிய விலையில் பெட்ரோல் கிடைக்கும் நாட்டில் இது பணம் மிச்சம் பிடிக்கும் வழி அல்ல. அப்படிச் சொல்லி உலை விற்பவரிடம், உங்கள் கண் முன்னே ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டி, மறுநாள் காலையில் வால்வைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

பிலிப்பைன்ஸ் 1980களில் இந்தப் பாடத்தைப் படித்தது. எண்ணெய் விலை ஏறிய காலத்தில் வயல் பம்புகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் கரி வாயு உலைகளை அரசே ஊக்குவித்துப் பொருத்தியது. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. பிறகு எண்ணெய் விலை இறங்கியது ஒரு காரணம். பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லாததும், விவசாயிகளுக்குப் போதிய பயிற்சி கொடுக்காததும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

கர்நாடகாவின் ஹோசஹள்ளி கிராமத்தின் அனுபவம் சற்று மாறுபட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-இல் அங்கே 5 கிலோவாட்டுக்கும் குறைவான சிறு உலையை டீசல் எஞ்சினோடு இணைத்து வீட்டு விளக்குகளை எரியவைத்தார்கள். பின்னர் 20 கிலோவாட் அளவுக்கு உயர்த்திக் குடிநீர், மாவு அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கும் கொடுத்தார்கள். விறகுக்கென்று மரத்தோப்பு வளர்த்ததும், உள்ளூர் ஆட்களையே பழக்கி இயக்கவிட்டதும், கழகத்தினர் பல ஆண்டுகள் விட்டுப் போகாமல் கூட நின்றதும் அங்கே உலை ஓடியதற்குக் காரணங்கள்.

நம் நாட்டில் பட்டணத்து வீட்டுக்கும், மின்கம்பி எட்டிய தோட்டத்துக்கும் இது தேவையில்லை. விளக்குக்கும் கைப்பேசிக்கும் மின்விசிறிக்கும் என்றால் சூரியத் தகடும் பேட்டரியுமே செலவிலும் சிரமத்திலும் குறைவு. அதற்கு விறகு பிளக்க வேண்டியதில்லை. சபா, சரவாக் உட்பகுதிகளில் பெட்ரோலைப் படகில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டிய இடங்கள், பெரிய அளவில் மரத்துண்டு மிஞ்சும் மரப்பட்டறைகள், பகலில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் இறைக்க வேண்டிய மீன் குளங்கள், காய்கறித் தோட்டங்கள் ஆகியவற்றுக்குக் கணக்கு ஒருவேளை ஒத்துவரும். அங்கும் 200 சிசி எஞ்சினைவிடச் சற்றுப் பெரியதே நல்லது. சிறிய ஜெனரேட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 3 கிலோ விறகு தின்னும். பெரிய எஞ்சினுக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் போதும்.

செய்துபார்க்க விரும்புபவர் முதலில் பழைய எஞ்சினில் தொடங்கட்டும். புது ஜெனரேட்டரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வடிகட்டியிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரில் பீனால் வகை நஞ்சுகள் இருப்பதால், அதைக் கால்வாயிலோ சுங்கையிலோ ஊற்றக் கூடாது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து வைத்து, கழிவு எண்ணெயைப் போலவே ஒப்படைக்க வேண்டும். சல்லடைக்கு அடியில் சேரும் சாம்பலையும் கரித் தூளையும் முழுவதும் அணைந்த பிறகு எடுத்து வாழைக்கும் கத்தரிக்கும் போடலாம். ஒரு நாள் இரவு அதை மூடியுள்ள தகர டின்னில் வைத்திருந்து பிறகு கொட்டுவது நல்லது. அணைந்ததாகத் தெரியும் கரிக்குள் பல மணி நேரம் தணல் இருக்கும்.